ஒட்டிக்கொள்ளும் கட்டைகள் – கடிதம்

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் பழைய ரோட்ஸ் மின்பியானோவைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் கிளாவினெட் என்ற மின்சாரத் தந்தி வாத்தியத்தையும் ஒரு வரியில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னைக் கெடுத்தது. நான் சிறுவயதில் முறையாகப் பியானோ படித்தவன். பத்து வருடமாக டிஜிட்டல் கீபோர்டுதான். அதில் ‘கிளாவ்’ என்று ஒரு ஒலி உண்டு, அதை வைத்து ஃபங்க் (தாளமே பிரதானமான அமெரிக்க இசை) வாசித்துச் சந்தோஷமாகத்தான் இருந்தேன். போன மாதம் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஹோனர் கிளாவினெட் டி6 வீட்டுக்கே வந்துவிட்டது.

எனக்கு இரண்டு பிரச்சினைகள். பத்துப் பன்னிரண்டு கட்டைகள் விரலை எடுத்த பிறகும் ஒலியை விடுவதில்லை. சிலவற்றில் தாமதமாக ‘டக்’ என்று ஒரு சத்தம் வேறு வருகிறது. இரண்டாவது, நல்ல கட்டைகளில் வாசித்தாலும் ஃபங்க் வரமாட்டேன் என்கிறது. ஸ்டீவி வொண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு சுரமாக எழுதிவைத்து வாசிக்கிறேன். பதிவு செய்து கேட்டால் யாரோ தட்டச்சு செய்வதுபோல் இருக்கிறது. “அப்பா, பழைய கீபோர்டிலேயே நல்லா இருந்துச்சு” என்கிறாள் மகள். இவ்வளவு பாடுபட்டு இதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்க்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளுக்குக் காது நன்றாக இருக்கிறது. தட்டச்சு என்று நீங்களே சொல்லிவிட்டதால் உங்கள் காதும் மோசமில்லை.

இரண்டு பிரச்சினைகள் என்கிறீர்கள். எனக்கு அது ஒரே பிரச்சினையாகத்தான் தெரிகிறது. உங்கள் டி6 சில கட்டைகளில் தந்தியை விட மறுக்கிறது. நீங்கள் எல்லாக் கட்டைகளிலும் விட மறுக்கிறீர்கள். இதைப் புரிந்துகொள்ள அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஜெர்மனியின் ட்ராஸிங்கன் ஊரில் மவுத் ஆர்கனும் அக்கார்டியனும் செய்து பேர் வாங்கிய நிறுவனம் ஹோனர். அங்கே பொறியாளராக இருந்த எர்ன்ஸ்ட் ஸகரியாஸுக்குப் பழைய ஐரோப்பிய வாத்தியங்களின் மேல் ஒரு பித்து. கிளாவிகார்ட் என்ற வாத்தியத்தின் ஒலி பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, அவ்வளவு மெல்லியது. அதற்கு மின்சாரம் கொடுத்தால் என்ன என்று யோசித்ததில் வந்ததுதான் கிளாவினெட். முதல் மாடல் 1964-ல் வந்தது. உங்களிடம் இருக்கும் டி6 வந்தது 1971-ல். 80-களின் தொடக்கத்தில் உற்பத்தியே நின்றுவிட்டது. பழங்காலச் சங்கீதத்தை வீட்டுக் கூடத்தில் வாசிக்கலாம் என்று செய்யப்பட்ட பொருளை ஃபங்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸகரியாஸ் அதைக் கேட்டு முகம் சுளித்தாரா சிரித்தாரா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

உள்ளே 60 கட்டைகள், 60 தந்திகள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சின்ன ரப்பர் முனை இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அந்த முனை தந்தியைக் கீழே இருக்கும் உலோகப் பட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. பியானோவில் சுத்தி தந்தியை அடித்துவிட்டுத் திரும்பி ஓடிவிடும். இங்கே முனை ஓடுவதில்லை, விரல் இருக்கும்வரை அங்கேயே நிற்கிறது. கிட்டார்க்காரர் வலதுகையால் மீட்டாமல் இடதுகை விரலாலேயே தந்தியைக் கட்டைமேல் தட்டி ஒலி எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். அழுத்திய இடத்தில் தந்தி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம், அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு நேரே அதிர்கிறது. மறுபக்கத்தில் தந்திகளுக்கு ஊடாகக் கம்பளி நூல் பின்னியிருக்கிறது. விரலை எடுத்ததும் தந்தி மறுபடி ஒன்றாகிறது, அந்த நூல் முழுத் தந்தியின் அதிர்வையும் குடித்துவிடுகிறது.

இதில் அழகு என்னவென்றால், ஒலி நிற்பதற்கு என்று தனியாக ஒரு இயந்திரம் இல்லை. பியானோவில் மேல்கோடிக் கட்டைகள் தவிர மற்றவற்றுக்கெல்லாம் தந்தியை அமர்த்த டேம்பர் இருக்கிறது, அதைத் தூக்கிவைக்கக் காலுக்கு ஒரு பெடல் இருக்கிறது. கிளாவினெட்டில் பெடலும் கிடையாது. உங்கள் விரல் எழும்பும் வேகம்தான் சுரம் எப்படி முடிகிறது என்பதை முடிவு செய்கிறது.

இப்போது உங்கள் கட்டைகளுக்கு வருவோம். ஐம்பது வருட ரப்பர் இளகிப் பிசினாகிவிடும். தந்தி பட்டுப்பட்டு முனையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அந்தப் பள்ளத்தில் தந்தி ஒட்டிக்கொள்ளும். விரலை எடுத்தால் முனை தந்தியையும் கூடவே மேலே இழுத்துப் போய், ஒரு நொடி தாமதித்து, விட்டுவிடும். அதுதான் நீங்கள் கேட்கிற ‘டக்’.

எல்லாப் பழியையும் முனைமேல் போட்டுவிடாதீர்கள், நூலும் குற்றவாளியாக இருக்கலாம். ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு கட்டையை அழுத்தி மெதுவாக விடுங்கள். அதே சுரம் கொஞ்சம் இழுத்து ‘டக்’ என்று முடிந்தால் முனை. விட்டபிறகு அதைவிடக் கீழான ஒரு சுரம் பேய்போல முனகினால் நூல். முழுத் தந்தியும் அதிர்வதால் நீளம் கூடி சுரம் இறங்குகிறது, நூல் அதைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நூல் இறுகியோ நைந்தோ போயிருந்தால் உருவிவிட்டு, புதுக் கம்பளி நூலைத் தந்திகளுக்கு மேலும் கீழுமாகப் பின்னிக் கோர்க்கலாம். பொறுமை இருந்தால் ஒரு மாலை நேரத்து வேலை.

முனைகளை மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை. மாற்று முனைகள் மொத்தத் தொகுப்பாகவே கிடைக்கின்றன. இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். என்னுடையதில் 11 கட்டைகள் ஒட்டின. சரி, 11-ஐ மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். மாற்றியதும் வாத்தியம் இரண்டு பேர் சேர்ந்து பேசுவதுபோல ஆகிவிட்டது. புது முனை பளிச்சென்று பேசியது, பக்கத்துப் பழைய முனை வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசியது. அடுத்த சில மாதங்களில் மற்றவையும் ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தன. அதைவிட மோசம், உலோகப் பட்டையிலும் தந்தியிலும் அப்பியிருந்த பழைய பிசினை நான் துடைக்கவே இல்லை. புது முனைகளும் அதிலே போய் ஒட்டிக்கொண்டன. கடைசியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கட்டையின் சுருள்வில்லை விடுவிப்பது, கட்டையைக் கழற்றுவது, பிசினைச் சுரண்டுவது, ஆல்கஹால் நனைத்த துணியால் பட்டையைத் துடைப்பது, புது முனையைப் பொருத்துவது. அப்படி 60 தடவை. முப்பதாவது கட்டையில் எல்லோருக்கும் ஒரு வைராக்கியம் குலையும், அங்கே எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். ஆகவே 60-ஐயும் மாற்றுங்கள், பட்டையையும் துடையுங்கள். எண்ணெய் மட்டும் எந்த இடத்திலும் விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவர் ‘கட்டை வழுக்கட்டும்’ என்று தெளித்துவிட்டார், நூல் அத்தனையையும் குடித்துவிட்டு ஊறிக் கிடந்தது.

வேலை முடிந்து முதல்தடவை அழுத்திவிடும்போது ஒலி கத்தரித்தாற்போல நிற்கும். அந்தக் கணத்தில் உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கும் பதில் கேட்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பியானோ படித்தவர். பியானோக்காரனின் விரல் சுரத்தை ஆரம்பிப்பதில்தான் கவனமாக இருக்கும், முடிப்பதைப் பெடலும் கூடத்தின் எதிரொலியும் பார்த்துக்கொள்ளும். ஃபங்கில் சுரம் எங்கே முடிகிறது என்பதும் தாளத்தில் ஒரு அடிதான். நாலு தட்டு கொண்ட ஒரு ஆவர்த்தத்தில் ஒவ்வொரு தட்டையும் நாலாகப் பிரித்தால் 16 இடங்கள் கிடைக்கின்றன. அதில் ஐந்தாறு இடங்களில்தான் முழுச் சுரம் பேசும். மீதி இடங்களில் விரல் சும்மா இருப்பதில்லை, கட்டையைத் தொட்டுவிட்டு எழும். பாதி அழுத்தத்தில் தந்தி பட்டையில் சரியாகப் படாமல் ‘தொப்’ என்று ஒரு மொட்டைச் சத்தம் வரும். மிருதங்கக்காரரின் இடதுகை சும்மா இருப்பதுபோல் தோன்றும் நேரத்திலும் தோலை மெல்லத் தொட்டுத் தொட்டுக் கணக்கை ஓட்டிக்கொண்டிருக்குமே, அதுபோல. உங்கள் வாசிப்பில் எல்லாச் சுரமும் ஒரே நீளம், ஒரே அழுத்தம். அதனால்தான் தட்டச்சு.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதில் உங்கள்மேல் தப்பே இல்லை. 1972-ல் வந்த ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டில் நீங்கள் கேட்பது ஒரு கிளாவினெட் இல்லை. ஸ்டீவி வொண்டர் அதை (அது டி6-க்கு முந்தைய ‘சி’ மாடல்) ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். அதில் டிரம்ஸ் வாசித்ததும் அவரே. அந்த நெரிசலை முழுக்க இரண்டு கையால் பிடிக்கப் பார்த்தால் யாருக்கும் கை சிக்கிக்கொள்ளும். எழுதிவைத்த காகிதத்தை மடித்து வையுங்கள். அதற்குப் பதிலாக, அதே 1972-ல் பில் விதர்ஸ் பாடிய ‘யூஸ் மீ’ கேளுங்கள். கிளாவினெட் எங்கே ஒலிக்கிறது என்று கவனிக்காமல் எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் நான் செய்தது இதுதான். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்தேன். ஒரே ஒரு கட்டை, கீழே எங்காவது. இரண்டு கையும் மாறிமாறி 16 இடங்களிலும் விழவேண்டும், ஆனால் மூன்று இடத்தில் மட்டும் சுரம் பேசவேண்டும். மீதி பதின்மூன்றும் வெறும் தொடல். இரண்டு நிமிடம் செய்து பாருங்கள், அவமானமாக இருக்கும். ஒரு வாரம் கழித்து அந்த மூன்று சுரங்களின் நீளத்தை மாற்றிப் பாருங்கள். ஒன்று சுருக்கென்று, ஒன்று அடுத்த இடம்வரை நீண்டு, ஒன்று இரண்டுக்கும் நடுவில். சுரம் ஏறவுமில்லை இறங்கவுமில்லை, ஆனால் கால் தானாகத் தட்ட ஆரம்பிக்கும். டி6-ல் ஒலியை மந்தமாக்க ஒரு நகர்த்தி இருக்கிறது, அதைப் பயிற்சியின்போது தொடாதீர்கள். விரல் செய்யவேண்டிய வேலையை அது செய்துவிடும்.

பெடல், ஆம்ப் (ஒலிபெருக்கி) பற்றியெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஸ்டீரியோவில் மாட்டாதீர்கள், கிட்டார் ஆம்பில் மாட்டுங்கள். இது மனதளவில் கிட்டார்தான். காலால் அமுக்கி ஒலியை ‘வா-வா’ என்று வாய் திறந்து மூடுவதுபோல மாற்றும் வா-வா பெடல் இந்த வாத்தியத்துக்கு நல்ல ஜோடி. 1969-லேயே ‘தி பேண்ட்’ குழுவின் கார்த் ஹட்சன் மாட்டிவிட்டார், பிறகு பில்லி பிரெஸ்டன் அதைவைத்து ஒரு முழுப் பாட்டையே செய்தார். ஆனால் மூன்று மாதம் பெடல் இல்லாமல் வாசியுங்கள். வா-வா எல்லா வாசிப்பையும் கொஞ்சம் ஃபங்க்போலக் காட்டிவிடும்.

இடதுபக்கம் இருக்கும் ஸ்விட்சுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தந்திக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பிக்கப்புகள் இருக்கின்றன. தனித்தனியாகவோ சேர்த்தோ, ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பியோ வைக்கலாம். எதிராக வைத்தால் மூக்கால் பேசும் ஒரு மெல்லிய ஒலி வரும், எனக்கு அதுதான் பிடித்தது. அவற்றோடு ஒலியின் நிறத்தை மாற்ற நாலு ஸ்விட்சுகள். இந்த நாலும் அணைந்திருந்தால் ஒலியே வராது. இதை நான் மேடையில் கற்றுக்கொண்டேன். பேட்டரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஆம்பைக் குறை சொன்னேன். தூக்கிவரும்போது யாருடைய கையோ பட்டு நாலும் அணைந்திருக்கிறது. கடைசியில் டிரம்ஸ்காரர் எட்டி ஒன்றை அமுக்கினார். சபை கைதட்டியது, எனக்கல்ல.

வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒலிக்காக மட்டும் என்றால் வேண்டாம். இன்றைய டிஜிட்டல் கீபோர்டுகளின் கிளாவ் ஒலிகள் பலவும் நல்ல டி6-ஐப் பதிவு செய்து எடுத்தவை, விரலை எடுக்கும்போது வரும் சத்தத்தைக்கூடப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பாட்டின் பதிவில் எது டி6, எது டிஜிட்டல் என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஆனால் டிஜிட்டலில் நீங்கள் எப்படி விட்டாலும் அது நன்றாகவே முடித்துக்கொடுத்துவிடும். பத்து வருடமாக அது உங்கள் சோம்பலை மூடிக்கொடுத்திருக்கிறது. மகள் கேட்டு ரசித்தது அதைத்தான். டி6 அந்த உபகாரத்தைச் செய்யாது. விரல் நுனியில் தந்தி பட்டையில் மோதுவது தெரியும், விடுவதும் தெரியும். ஒரு வருடம் அதில் வாசித்துவிட்டு டிஜிட்டலுக்குப் போனால் அங்கேயும் வாசிப்பு மாறியிருக்கும். எனக்கு மாறியது. அதனால் முனைகளை மாற்றிவிட்டு ஒரு வருடம் கொடுங்கள், அப்புறம் விற்பதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

டிஜிட்டலை மட்டும் இப்போதே விற்றுவிடாதீர்கள். 60 கட்டைகளும் மேசைமேல் பரப்பிக் கிடக்கும் நாட்களில் அது தேவைப்படும். கட்டைகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள், நான் போடவில்லை. அப்புறம், வாசிக்காத வாரங்களில் அந்த 9 வோல்ட் பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள். உள்ளே கசிந்தால் அதைச் சுத்தம் செய்வது பற்றி இன்னொரு கடிதம் எழுதவேண்டிவரும்.

அன்புடன்.