லிப்ட் பொத்தானை யார் அழுத்துவது?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். லிப்ட் பொத்தானை யார் அழுத்துவது என்று தினமும் சண்டை. ஒருநாள் அக்கா, மறுநாள் தம்பி என்று முறை வைத்தேன். இன்றைக்கு யார் முறை என்று புதுச் சண்டை ஆரம்பித்தது. "நீ தலையிடாதே, அதுங்களே தீர்த்துக்கும்" என்கிறார் மாமியார். விட்டால் சின்னவன் கடித்துவிடுகிறான். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

கடிக்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மற்றபடி உங்கள் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

அடியோ கடியோ விழப்போகிறது என்றால் நடுவில் போய் உட்காருங்கள். சண்டைக்குக் காரணமான பொருளை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். லிப்ட் என்றால் பொத்தானை மறைத்து நின்றால் போதும். "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எந்த வீட்டிலும் அதற்கு நேரான பதில் கிடைத்ததில்லை. கேட்ட மாத்திரத்தில் நீங்கள் நீதிபதி, இரண்டு பேரும் வக்கீல். அப்புறம் அவர்களுக்குப் பொத்தான் மறந்துபோகும், வழக்கில் ஜெயிப்பதுதான் முக்கியமாகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகள்கள் சிறுமிகளாக இருந்தபோது ஒரு நீல டம்ளருக்காகத் தினமும் அழுகை. கடைக்குப் போய் அதே நீலத்தில் இன்னொன்று வாங்கி வந்தேன். அன்று மாலையே, "எது பழசு?" என்று சண்டை. வெறுத்துப்போய்ப் புதியதைப் பரணில் போட்டுவிட்டு, "டம்ளர் ஒண்ணு, ஆள் ரெண்டு. என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு சின்னவள் சொன்னாள்: "அக்கா பால் குடிக்கட்டும், நான் தண்ணி குடிக்கிறேன்." எனக்கு அது அநியாயமாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒப்பந்தம் பல மாதம் ஓடியது.

தெருவில் விளையாடிய காலத்தில் நமக்கென்று ஒரு சட்டமே இருந்தது. யார் முதலில் என்பதற்குச் சா பூ த்ரீ. இரண்டே பேர் என்றால் ஒத்தையா ரெட்டையா. ஒரே மிட்டாய் என்றால் சட்டைத் துணியால் மூடிக் காக்காக் கடி. ஆடத் தெரியாத குட்டிப் பையனை விரட்டாமல் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். (இதைவிட நாகரிகமான ஏற்பாடு பெரியவர்கள் உலகத்தில் இருக்கிறதா என்ன?) கோபம் வந்தால் காய், தீர்ந்தால் பழம். எதையும் அப்பா அம்மா சொல்லித்தரவில்லை. கூட ஆடிய பத்து வயது அக்கா, அண்ணன்களிடமிருந்து வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு இல்லை. இடையில் இருந்த அந்தப் பெரிய அக்கா காணாமல் போனதால் எல்லா வழக்கும் நேராக அம்மாவிடம் வருகிறது. அந்த அக்காவின் இடத்தைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் தீர்ப்புச் சொல்ல மாட்டாள், உபாயம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆட்டத்துக்குப் போய்விடுவாள்.

போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் இன்னும் தூரம் போனார். வார்சாவில் 1912இல் தொடங்கிய யூத அனாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கென்று நீதிமன்றம் வைத்தார். நீதிபதிகளும் பிள்ளைகளே. அதன் சட்டத்தில் மன்னிப்பதற்கான பிரிவுகள்தான் முதலில் வரும். ஆறு மாதத்தில் அவர் மீதே ஐந்து வழக்கு. நம் வீட்டில் அவ்வளவு தூரம் போனால் நாம்தான் தினமும் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

சின்னவன் கடிப்பது வார்த்தை கிடைக்காததால் இருக்கலாம். நான்கு வயதில் கோபம் வாய்க்கு வரும் வேகத்தில் சொல் வராது. "எனக்கும் வேணும்", "எனக்குப் பிடிக்கலை" என்ற இரண்டு வாக்கியங்களைச் சண்டை இல்லாத நேரத்தில் பழக்குங்கள். மகளிடம் "நீ பெரியவ, விட்டுக்கொடு" என்று சொல்வதை நிறுத்துங்கள். ஏழு வயது பெரிய வயதில்லை.

அப்புறம், லிப்டுக்கு வெளியே ஒரு பொத்தான் இருக்கிறது, உள்ளே ஒன்று இருக்கிறது. இதை நீங்கள் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். கண்டுபிடிக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.