ஓடும் வண்டியிலிருந்து மண்ணின் ஈரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வண்டியில் ஒரு கருவியைப் பொருத்தி, சாலையில் சென்றபடியே இருபுறமுள்ள நிலங்களின் ஈரப்பதத்தை அளக்கலாம் என்கிறார்களே, மண்ணைத் தொடாமல் அது எப்படி முடியும்?

பதில்: விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் காஸ்மிக் கதிர்கள், காற்றிலும் மண்ணிலும் உள்ள அணுக்கருக்களைத் தாக்கும்போது வேகமான நியூட்ரான்கள் தெறிக்கின்றன. ஏறக்குறையத் தன் நிறையே கொண்ட ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதும் நியூட்ரான் வேகத்தைப் பெரிதும் இழந்துவிடுகிறது. சிலிக்கான் போன்ற கனமான அணுக்கருவில் மோதினாலோ, பாறையில் பட்ட கோலிக்குண்டைப் போல வேகம் அதிகம் குறையாமல் துள்ளித் திரும்புகிறது. மண்ணிலுள்ள ஹைட்ரஜனில் பெரும்பங்கு நீரில் இருப்பதால், ஈரம் கூடக் கூட, தரைக்கு மேலே கருவி எண்ணுகிற, இன்னும் வேகம் இழக்காத நியூட்ரான்கள் குறைகின்றன. இந்த முறையை அரிசோனா பல்கலைக்கழகத்தின் மாரெக் ஸ்ரேடாவும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்டனர்.

மண்ணில் செருகும் உணரி தன்னைச் சுற்றிச் சில சென்டிமீட்டரை மட்டுமே அறியும். 2015-இல் ஏவப்பட்ட நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோளில் உள்ள, தரையிலிருந்து வரும் நுண்ணலைகளை அளக்கும் கதிர்வீச்சுமானியோ சுமார் 36 கிலோமீட்டர் அகலப் பரப்புக்கு ஒரே மதிப்பை, அதுவும் மேல் 5 சென்டிமீட்டருக்குத்தான் தருகிறது. நியூட்ரான் கருவி ஏறத்தாழ 130 முதல் 240 மீட்டர் ஆரத்துக்கும், நனைந்த மண்ணில் 15 சென்டிமீட்டர் அளவிலும் வறண்ட மண்ணில் அதைவிடப் பல மடங்கு ஆழத்துக்கும் சராசரி காட்டி, இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்புகிறது.

ஓடும் வண்டியில் சிக்கல் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. 100 நியூட்ரான்களை எண்ணினால் பிழை 10 விழுக்காடு. அதை 1 விழுக்காடாகக் குறைக்க 10,000 எண்ண வேண்டும். அதனால் நியூட்ரான்களை எண்ணும் பெரிய குழாய்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகச் செல்கிறார்கள். வேகமாகப் போனால், அடுத்தடுத்த வயல்களின் ஈரம் ஒரே எண்ணில் கலந்துவிடும். காற்றழுத்தம், காற்றின் ஈரப்பதம், வந்து விழும் கதிர்களின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கும் திருத்தம் தேவை. இவற்றையெல்லாம் விட ஏமாற்றுவது, என் கணிப்பில், வண்டி ஓடும் சாலைதான்: கருவிக்கு நேர் கீழே உள்ள தரைக்கே எண்ணிக்கையில் மிகுந்த பங்கு இருப்பதால், வறண்ட தார்ச்சாலை பக்கத்து வயலையும் வறண்டதாகக் காட்டிவிடும்.

கேள்வி: அப்படியானால் மண் மாதிரி எடுக்கும் வேலை இனி இல்லையா?

பதில்: உண்டு. மாதிரியை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, முன்னும் பின்னும் எடைபோட்டுப் பெறும் மதிப்பைக் கொண்டுதான் கருவியையே அளவுதிருத்தம் செய்கிறார்கள். பயிர் வளர்ந்துவிட்டால் அதன் தண்டிலும் இலையிலும் உள்ள நீரும் கணக்கில் சேர்ந்துகொள்ளும் என்பதால், அந்தப் பருவத்தில் மீண்டும் ஒருமுறை மாதிரி எடுத்து ஒப்பிடுவது நல்லது.