‘பிரேக் திடீரென்று பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் திருப்பூரில் வசிக்கிறேன். செலவை மிச்சம் பிடிக்கலாமென்று, காணொளியைப் பார்த்து என் காரின் முன்பக்க பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றினேன். பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போக மறுத்தது. பேடுகளைத் தாங்கும் காலிபரின் பின்னாலிருந்த சிறிய திருகைத் தளர்த்தி அழுத்தினேன், போய்விட்டது. அன்றிலிருந்து பெடல் மெத்தென்று இறங்கியது. இரண்டு முறை மிதித்தால் பிடித்ததால் நான்கு நாள் அப்படியே ஓட்டினேன். ஐந்தாம் நாள் சிக்னலில் நின்றிருந்த இரு சக்கர வாகனத்தின் மீது மோதிவிட்டேன். அதை ஓட்டியவருக்குக் காறை எலும்பு முறிவு. கார் காவல் நிலையத்தில் நிற்கிறது. ‘பிரேக் திடீரென்று போய்விட்டது என்று சொல், தெரிந்த மெக்கானிக்கிடம் பழைய தேதியில் ஒரு பில் வாங்கிக்கொள்’ என்கிறார்கள் நண்பர்கள். எனக்குச் சிறைத் தண்டனை கிடைக்குமா? இன்சூரன்ஸ் பணம் வருமா?

பதில்: முதலில் அந்த பில். வாங்காதீர்கள். கவனக்குறைவு வழக்கில் நிற்கும் உங்களை அது பொய்ச் சாட்சியம் புனைந்தவராக மாற்றிவிடும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆவது பிரிவில் அதற்கு 7 ஆண்டுவரை சிறை உண்டு. இப்போது உங்கள் மீதுள்ள குற்றத்தைவிட இது பெரிது. ‘பெடல் மெத்தென்று இருக்கிறது’ என்று யாருக்காவது குரல் செய்தி அனுப்பியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள்.

அடுத்து, ‘திடீரென்று’ என்ற சொல். அந்தத் திருகைத் தளர்த்தியபோது குழாய்க்குள் காற்று புகுந்திருக்க வேண்டும். பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால்தான் முதல் மிதியில் பெடல் இறங்கி, இரண்டாவதில் பிடித்திருக்கிறது. மெக்கானிக் கடையில் ‘ஏர் எடுப்பது’ என்று அரை மணி நேரம் செய்யும் வேலை இதற்குத்தான். விபத்தில் சிக்கிய வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதிப்பார். பெடலில் ஒரு முறை கால் வைத்தாலே அவருக்கு விளங்கிவிடும்.

பிரேக் பழுது என்று சொன்னால் தப்பிக்கலாம் என்பது பலருடைய நினைப்பு. 1977இலேயே மினு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: இயந்திரக் கோளாற்றைக் காட்டி விலக நினைப்பவர், அது மறைந்திருந்த கோளாறு என்றும், நியாயமான கவனம் எடுத்தும் கண்டுபிடிக்க முடியாதது என்றும் தாமே நிரூபிக்க வேண்டும். உங்கள் கோளாறு எங்கே மறைந்திருந்தது? நான்கு நாளும் உங்கள் காலடியில்தான் இருந்தது.

பேடை நீங்களே மாற்றியது குற்றமல்ல. சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பழுது பார்க்கச் சட்டம் தடை சொல்லவில்லை. பழுது தெரிந்தும் சாலைக்கு எடுத்து வந்ததுதான் குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 190(1), ‘தெரிந்த அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய’ ஆபத்தான கோளாறோடு வண்டி ஓட்டுவதைப் பற்றியது. அதனால் விபத்து நேர்ந்து காயமோ சொத்துச் சேதமோ உண்டானால் 3 மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஆகவே அலட்சியமாக வண்டி ஓட்டுவதற்கான சன்ஹிதாவின் 281ஆவது பிரிவோடு, கவனக்குறைவால் கொடுங்காயம் உண்டாக்குவதற்கான 125(ஆ)வும் சேரும். பின்னதற்கு 3 ஆண்டுவரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. காயம்பட்டவர் சம்மதித்தால் 125(ஆ)வை நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம், 281ஐ முடியாது. முதல் முறை சிக்கியவரின் வழக்கு அபராதத்தோடு முடிவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மனிதர் இறந்திருந்தால் 106(1) வந்திருக்கும்; அது 5 ஆண்டு.

காவல் துறையினர் விசாரித்தால் பொய் சொல்ல வேண்டாம். அதேநேரம், உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்கறிஞரிடம் பேசிய பிறகு சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் என்று ஒரே சொல்லில் கேட்டுவிட்டீர்கள், உள்ளே இரண்டு இருக்கின்றன. காயம்பட்டவருக்கான இழப்பீட்டை, உங்கள் பாலிசியும் உரிமமும் நடப்பில் இருந்தால், நிறுவனம்தான் தர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு நிறுவனத்துக்கு அனுமதிக்கும் மறுப்புக் காரணங்களில் பிரேக் கோளாறு இல்லை. ஆகவே காயம்பட்டவர் இழப்பீடு கேட்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவதைத் தடுக்க ஆளனுப்பாதீர்கள். பாலிசி எண்ணை நீங்களே கொடுங்கள். அதே சட்டத்தின் 134ஆவது பிரிவுப்படி விபத்து விவரத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் உங்கள் கடமை.

உங்கள் காரின் முன்பக்கச் சேதம் வேறு கதை. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். முழுக்க மறுத்தால் விடாதீர்கள். 2010இல் அமலேந்து சாஹூ வழக்கில், பாலிசி நிபந்தனையை மீறியவருக்கும் 75 விழுக்காடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது வண்டியை வாடகைக்கு விட்ட வழக்கு, உங்களுடையதோடு அப்படியே பொருந்தாது. என்றாலும் பேரம் பேச ஒரு பிடி. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கோரிக்கைப் படிவத்தில் மட்டும் உண்மையை எழுதுங்கள், பொய் எழுதினால் அந்த 75ம் போய்விடும்.

ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது, பிரேக் ஆயில்கூட ஊற்றக் கூடாது. கழற்றிய பழைய பேடுகளைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை விடுவித்த அன்று, ‘பக்கத்தில்தானே, மெதுவாக ஓட்டிப் போகலாம்’ என்று யாராவது சாவியைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், மேலே சொன்ன 190ஆவது பிரிவு ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்ட விட்டவரையும் பிடிக்கும். இழுவை வண்டி வைத்து நேராகப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.