சிங்கப்பூரில் கார் வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி (செங்காங்): அண்ணே, மதுரையில் கார் ஓட்டிப் பழகியவன் நான். இங்கே காரைவிட சிஓஇ விலை அதிகம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில்: சிஓஇ காரின் விலையில் சேராது தம்பி. காரைப் பத்து ஆண்டு சாலையில் வைத்துக்கொள்ள வாங்கும் அனுமதி அது. 1990இல் வந்தது. மாதம் இரண்டு முறை ஏலம். வென்ற எல்லோருக்கும் ஒரே விலைதான்: தோற்றவர்களில் அதிகம் கேட்டவரின் தொகை, கூடவே ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். பெரும்பாலும் பழைய கார் ஒன்று கழிந்தால்தான் புதியதற்கு இடம். விலை ஏறாமல் என்ன செய்யும்? 2023 அக்டோபரில் சிறிய கார் பிரிவு 106,000 வெள்ளி வரை, பெரிய பிரிவு 150,001 வெள்ளி வரை போனது.

ஒரு லட்சம் வெள்ளி என்றே வைத்து 3,650 நாளால் வகுங்கள். நாளுக்கு 27 வெள்ளி. கார் பேட்டையில் சும்மா கிடந்தாலும் இது போய்க்கொண்டே இருக்கும். வரி, காப்புறுதி, பெட்ரோல் எல்லாம் தனி. அதனால்தான் பெரும்பாலோருக்கு இங்கே கார் தேவையில்லை என்கிறேன்.

கேள்வி (தெம்பனிஸ்): பத்து ஆண்டு முடிந்ததும்?

பதில்: முந்தைய மூன்று மாத சிஓஇ சராசரி விலையைக் கட்டிப் பத்து ஆண்டு, அதில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். ஐந்து என்றால் அதோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது.

கேள்வி (ஜூரோங்): மலேசியாவின் ஜோகூரில் மலிவாக வாங்கி இங்கே ஓட்டினால்?

பதில்: அந்த நினைப்பே வேண்டாம். இங்கே குடியிருப்பவர்கள் வெளிநாட்டில் பதிவான காரை இங்கே ஓட்டக் கூடாது.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அம்மாவுக்கு மூட்டுவலி. வாரம் மூன்று நாள் சிகிச்சை, இரண்டு பேருந்து மாற வேண்டும். எனக்குமா கார் தேவையில்லை?

பதில்: அம்மாவைப் பேருந்து மாற வைக்காதீர்கள். ஆனால் அந்த 27 வெள்ளி வாரத்துக்கு 189 ஆகிறது. போக வர ஆறு சவாரி, சவாரிக்கு 31 வெள்ளிக்கு மேல். உங்கள் வட்டாரத்துக்குள்ளேயே மருத்துவமனை என்றால் டாக்சிக்கு அவ்வளவு ஆகாது. வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நானும் கார் வைத்திருந்தேன், அதில் வருத்தமில்லை. இரவு வேலை, சின்னப் பிள்ளைகள் என்று இரண்டும் சேர்ந்தால் என் பதிலும் மாறும்.

கேள்வி (ஈசூன்): காலை எம்ஆர்டி ரயிலில் நிற்கவே இடமில்லை. கார்தான் நிம்மதி என்று தோன்றுகிறது.

பதில்: அதே நேரத்தில் நகருக்குக் காரில் போனால் நெரிசல் மிகுந்த சாலைகளில் இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம் பிடிக்கலாம். வார நாளில் 7.45க்கு முன் நிலையத்தில் அட்டையைத் தட்டிப் பாருங்கள். கட்டணத்தில் 50 காசு வரை கழியும், கூட்டமும் குறைவு.