ஆர்டர் கொடுத்தது மான்கொம்பு, வந்தது மாட்டெலும்பு

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கிறேன், கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரத்து மடக்குக்கத்திகள் சேர்ப்பவன். தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம்தான் பல வருடங்களாக வாங்குகிறேன். மான்கொம்புப் பிடி போட்டு, என் பெயரெழுத்தைப் பொறித்து 280 பவுண்டுக்கு ஒரு கத்தி ஈமெயிலில் ஆர்டர் கொடுத்தேன். அட்வான்ஸ் 60 பவுண்டு கிரெடிட் கார்டில், மீதி பேங்க் மூலம். வந்த கத்தியில் மாட்டெலும்புப் பிடி! "நல்ல கொம்பு கிடைக்கவில்லை, இதுவும் அழகுதானே" என்கிறார். ஸ்பெஷல் ஆர்டரைத் திருப்ப முடியாது என்கிறார்கள் நண்பர்கள். சண்டை போட்டால் அடுத்த கத்தி செய்து தரமாட்டாரோ என்றும் தயக்கம்.

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதிதான் சரி. ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம் என்ற விதி, உங்களுக்கென்றே செய்த பொருளுக்குப் பொருந்தாது. ஆனால் அது மனம் மாறியவர்களுக்கான விதி. இங்கே மாறியது பிடி. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஸ்பெஷல் ஆர்டரோ கடைச்சரக்கோ, சொன்ன விவரப்படிதான் பொருள் இருக்கவேண்டும். கைக்கு வந்து 30 நாளுக்குள் என்றால் திருப்பிக்கொடுத்து முழுப்பணமும் கேட்கலாம், அதைத் தாண்டிவிட்டால் முதலில் சரிசெய்ய ஒரு வாய்ப்பு தரவேண்டும். அவர் மசியாவிட்டால் கார்டு கம்பெனியிடம் போங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால், அட்வான்ஸை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு முழு விலைக்கும் கைகொடுக்கும்.

கொம்பு கிடைக்கவில்லை என்று அவர் சொல்வது பொய்யாக இருக்காது. இந்த வகைக் கத்திக்குப் பேர்போனது நம்மூர் கடமான் கொம்பு, அதன் ஏற்றுமதியை இந்தியா 1990களின் கடைசியிலேயே நிறுத்திவிட்டது. இன்று புழங்குவதெல்லாம் பெரும்பாலும் பழைய சரக்கு, விலையும் அதற்கேற்ற மாதிரி. சரி, ஆனால் எலும்பைப் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

சட்டம் இருக்கட்டும், நானாக இருந்தால் முதலில் கத்தியைத்தான் பார்ப்பேன். பிளேடைத் திறந்து வெளிச்சத்தில் பிடியுங்கள், பிடியின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் பிடிக்கு உள்ளே இருக்கும் பக்கத்தகடுக்கும் நடுவே வெளிச்சம் கசியக்கூடாது. அப்புறம் பிளேடு பக்கவாட்டில் ஆடுகிறதா, மூடும்போது விளிம்பு ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தால், பிடியை மாற்றச் சொல்லாமல் விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்பதே என் யோசனை. ஏனென்றால் பிடியை மாற்ற ரிவெட்டை அறுத்து முழுக் கத்தியையும் பிரிக்கவேண்டும், திரும்பக் கோக்கும்போது அதே இறுக்கம் வரும் என்று அவராலேயே சொல்ல முடியாது.

தயக்கம் புரிகிறது. 2021-ல் மறைந்த ஸ்டான் ஷா போன்ற ஷெஃபீல்டு கைவினைஞரிடம் ஒரு கத்திக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், தாமதத்தைப் பொறுத்துக்கொள்வது இந்த வட்டாரத்தில் வழக்கம்தான். பொருளே மாறி வந்தால் பொறுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விசுவாசமான வாடிக்கையாளர் வாய்திறக்கமாட்டார் என்ற நினைப்பில்தான் இந்த மாதிரி மாற்றமெல்லாம் நடக்கிறது. கோபப்படாமல், ஆர்டர் கொடுத்த ஈமெயிலைக் கீழே ஒட்டி, எவ்வளவு திருப்பித் தருகிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். அடுத்த ஆர்டரில் "கொம்பு கிடைக்காவிட்டால் என்னைக் கேட்காமல் வேறு எதையும் போடவேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.