‘சும்மாதான் இருந்தேன்’

கேள்வி: 2022இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருடமாக வீட்டில் அப்பாவின் விசைத்தறிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். இப்போது ஐபிபிஎஸ் வங்கி அதிகாரித் தேர்வில் மெயின்ஸ் தேறி, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கோச்சிங் சென்டரில் நடந்த மாதிரி இன்டர்வியூவில், “மெக்கானிக்கல் படித்துவிட்டு பேங்குக்கு ஏன் வருகிறீர்கள்? இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது. இங்கிலீஷும் சரளமாக வராது. நான் என்ன செய்யட்டும் சார்?
- பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

பதில்: ‘கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்களே அம்மா, கணக்குப் பார்ப்பது எப்போதிலிருந்து சும்மா இருப்பது ஆயிற்று? பேனலில் இருப்பவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு கிளையில் மேனேஜராக உட்கார்ந்து, உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் எதிரே தறிக் கணக்கு எழுதின பெண் வந்து உட்கார்ந்தால், நிமிர்ந்துதான் கேட்பார்கள்.

முதலில் பயத்துக்கு ஒரு கணக்கு. நேர்முகத்துக்கு 100 மதிப்பெண். தேற 40 வேண்டும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 35. இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்குதான். ஆக 50 வாங்குகிறவருக்கும் 70 வாங்குகிறவருக்கும் கடைசியில் வித்தியாசம் 4 மதிப்பெண். அந்த நாலு மதிப்பெண் எந்த வங்கி என்பதைக்கூடத் தீர்மானிக்கும், அலட்சியமாக இருக்கச் சொல்லவில்லை. ஆனால் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டீர்கள்.

இனி அந்த இரண்டு வருடம். ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். எத்தனை தறி, வாரக் கூலி எவ்வளவு, நூல் யாரிடம் வாங்குகிறீர்கள், ரொக்கமா கடனா, சேலையை எடுத்துப் போகிற வியாபாரி எத்தனை நாளில் பணம் தருகிறார், ஜிஎஸ்டி தாக்கல் யார் செய்கிறார்கள். கூலி வாரா வாரம் போகிறது, வியாபாரி பணம் இரண்டு மாதம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இடைவெளியைச் சமாளிக்க வங்கி கொடுப்பதற்குத்தான் நடப்பு மூலதனக் கடன் என்று பெயர்.

சிறு தொழிலுக்கு அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வருட விற்பனை 20 லட்சம் என்றால் தேவை அதில் கால் பங்கு, 5 லட்சம். அதில் வங்கி தருவது 4 லட்சம், உங்கள் அப்பா கையிலிருந்து போடுவது 1 லட்சம். வியாபாரி இழுத்தடித்து, அதனால் அப்பா கட்ட வேண்டிய வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அது நடைமுறையில் ஏன் நடப்பதில்லை என்று கேட்டால் உங்களுக்கு வாய் அடைக்காது, கோபம்தான் வரும். கொஞ்சம் வரட்டும், தப்பில்லை. உங்கள் அப்பாவுக்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா? இல்லையென்றால் போவதற்குள் போட்டுவிடுங்கள். இன்டர்வியூவுக்காக மட்டும் இல்லை.

“பேங்குக்கு ஏன்?” என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. ‘மக்களுக்குச் சேவை’, ‘சவாலான துறை’ என்று ஆரம்பிக்காதீர்கள். காலையிலிருந்து அதே வசனத்தை முப்பது பேர் சொல்லியிருப்பார்கள். கடன் கேட்டு நிற்கிற பக்கத்தைப் பார்த்தேன், கொடுக்கிற பக்கத்தையும் கற்றுக்கொள்ள ஆசை என்று சொல்லுங்கள், போதும். மெக்கானிக்கல் படிப்பை மறைக்கவும் வேண்டாம். தறி மிஷினுக்குக் கடன் கேட்டு வருகிறவரின் கொட்டேஷனைப் படிக்க அது உதவும்.

இங்கிலீஷ் பற்றி: நீளமான வாக்கியத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஐந்தாறு சொல்லில் முடியுங்கள், நிறுத்துங்கள், அடுத்ததைச் சொல்லுங்கள். தறிக் கணக்கை தினமும் பத்து நிமிஷம் வாய்விட்டு இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், கேட்க ஆள் வேண்டாம். மனப்பாடம் மட்டும் வேண்டாம். நடுவில் ஒரு கேள்வி விழுந்தால் முழுசும் மறந்துபோகும்.

தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். எண்பதுகளில் என் நேர்முகத்தில், எத்தனை வங்கிகள் தேசியமயமாயின என்று கேட்டார்கள். “14” என்றேன். “அப்புறம்?” என்றார் நடுவில் இருந்தவர். 1969இல் 14, 1980இல் இன்னும் 6. அந்த ஆறு நினைவுக்கு வரவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், “அவ்வளவுதான் சார்” என்று அடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆறு பெயரையும் சொல்லச் சொன்னார். அந்தத் தடவை வேலை கிடைக்கவில்லை. இன்றைக்குப் பொதுத்துறை வங்கிகள் 12. இதை வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேலையோ சுடிதாரோ, புதிதாக இல்லாமல் பழகினதாக இருக்கட்டும்.

ஆனால் சான்றிதழை விட்டுவிட முடியாது. நம்மூர்ப் பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, டிகிரியில் வேறு மாதிரி என்று இருக்கும். எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிசி, எம்பிசி பிரிவில் வருகிறவராக இருந்து ஓபிசி என்று விண்ணப்பித்திருந்தால், நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்தவர்கள் பிரிவு) வரவில்லை என்ற வரியுடன் மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும். அழைப்புக் கடிதத்தில் தேதி வரம்பு போட்டிருப்பார்கள், அதற்குள் வாங்கினதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். தாலுகா ஆபீஸ் கையெழுத்து ஆகி வர நாளாகும்.