வாசகர் கேள்வி – பதில்: சாரணர் குழுவில் குழந்தைகள் கற்பது என்ன?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியின் சாரணியர் குழுவில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வெள்ளிதோறும் சீருடையெல்லாம் புழுதியோடு வீடு திரும்புகிறாள். கேட்டால், "கயிறு கட்டினோம், விளையாடினோம்" என்று மட்டும் சொல்கிறாள். அந்த நேரத்தில் கணக்கு டியூஷனுக்கு அனுப்பலாமே என்கிறார் என் கணவர். அவள் உண்மையில் என்னதான் கற்கிறாள்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தக் கயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை விளக்கிச் சொல்லும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. பல ஆண்டுகள் ஒரு குழுவை நடத்தியவன் என்ற முறையில் அவளுக்காக நான் சொல்கிறேன்.

முதலில் கற்றுத்தரப்படும் முடிச்சு ரீஃப் நாட். காயத்துக்குக் கட்டுப் போடும்போது அதைப் பயன்படுத்துவார்கள். ஏனெனில் அது தட்டையாகப் படிந்து உடம்பை உறுத்தாது, அவிழ்ப்பதும் எளிது. பருமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்க அதே முடிச்சைப் போட்டால் நழுவிவிடும் என்பதால், அதற்கு ஷீட் பெண்ட் வேண்டும். கிணற்றிலோ பள்ளத்திலோ சிக்கிய ஒருவரைத் தூக்க, இழுக்க இழுக்க இறுகாத வளையம் தேவை, அதற்குப் போலைன். ஒரே கயிறுதான், ஆனால் எந்த இடத்துக்கு எந்த முடிச்சு, ஏன் அந்த முடிச்சு என்று பதினொரு வயதுக் குழந்தை யோசித்து முடிவெடுக்கிறாள். தவறான முடிச்சைப் போட்டால் ஆசிரியர் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கட்டிய மூங்கில் மேடை தானாகவே சாய்ந்து தவற்றைச் சொல்லிவிடும். கணக்கு நோட்டில் சிவப்பு மையால் போடப்படும் பெருக்கல் குறியைவிட இது ஆழமாகப் பதிவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

விளையாட்டு என்று அவள் சொல்வதும் வெறும் ஓட்டமல்ல. ஒரு துணியின் மேல் இருபத்து நான்கு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் பார்க்க விட்டு, மூடிய பிறகு நினைவிலிருந்து எழுதச் சொல்லும் கிம் விளையாட்டு அவற்றில் ஒன்று. தரையில் கற்களாலும் குச்சிகளாலும் இடப்பட்ட வழிக்குறிகளைப் பின்பற்றி முன்னே சென்ற அணியைக் கண்டுபிடிப்பது மற்றொன்று. வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி இருந்தால், அணி வீடு திரும்பிவிட்டது என்று பொருள். இரவு முகாமில் திசை அறியவும் கற்றுத்தருவார்கள். நம் திருச்சி, திண்டுக்கல் பக்கங்களில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகை உயரத்தில்தான் தெரியும். கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தாலே அந்த நட்சத்திரம் மறைந்துவிடும் என்பதையும், அப்போது வேறு விண்மீன்களைத் தேட வேண்டும் என்பதையும் குழந்தைகள் வெட்டவெளியில் நின்றுதான் உணர்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது அணிமுறையை. ஆறு முதல் எட்டுக் குழந்தைகள் ஓர் அணி. அவர்களுள் ஒருத்தி அணித்தலைவி, ஒருத்தி துணைத்தலைவி, மற்றவர்களுக்குச் சாமான்களைப் பாதுகாப்பது, கணக்கு எழுதுவது என்று ஆளுக்கொரு பொறுப்பு. அடுத்த வாரம் என்ன செய்வது என்பதை அணித்தலைவிகள் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுவனை ஒருமுறை என் குழுவில் சாமான் பொறுப்பாளனாக நியமித்தார்கள். மூன்றாவது மாதம், கயிற்றைத் திருப்பித் தராத தன் அணித்தலைவனையே நிறுத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டு அதை வாங்கி வைத்தான். அந்தத் தைரியத்தை எந்தப் பாடவேளையில் வைத்து நான் அவனுக்குக் கற்றுத்தந்திருக்க முடியும்? கணக்கு டியூஷனை வாரத்தின் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று உங்கள் கணவரிடம் நான் வேண்டிக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ஆங்கிலேய ராணுவத் தளபதி என்கிறார்கள். சீருடை, சல்யூட், கொடி வணக்கம் எல்லாம் பார்த்தால் இது சிறுவர்களுக்கான ராணுவப் பயிற்சியோ என்று தோன்றுகிறதே?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பேடன் பவல் தளபதியாக இருந்தவர்தான். ஆனால் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் அவர் நடத்திய முதல் முகாமில், வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையுமாக ஏறத்தாழ இருபது சிறுவர்களை நான்கு அணிகளாகக் கலந்து, சமையலும் உயிர்காத்தலும் இயற்கையைக் கூர்ந்து நோக்குவதுமே கற்றுத்தந்தார். சாரணர் கையில் இருப்பது ஆயுதமல்ல, ஒரு கோல். அதைக் கொண்டு ஓடையின் ஆழம் பார்க்கலாம். இரண்டு கோல்களும் இரண்டு சட்டைகளும் சேர்ந்தால், அடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் ஸ்ட்ரெச்சர் ஆகிவிடும். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபும் முறிந்த கையைத் தாங்கும் தூளியாகப் பயன்படும்.

நம் நாட்டுக் கதையையும் மறக்கக் கூடாது. தொடக்கத்தில் இங்கிருந்த குழுக்களில் இந்தியச் சிறுவர்களுக்கு இடம் தரப்படவில்லை. அந்த அநீதிக்கு விடையாகத்தான் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார், தியசாபிகல் சங்கத் தோழரான ஜார்ஜ் அருண்டேலுடன் இணைந்து சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாகி, இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. அதன் வைர விழாப் பெருந்திரளணி (ஜாம்போரி என்னும் பெரிய முகாம்) 2025-இல் நம் மணப்பாறையில் நடந்ததைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. அவனைச் சேர்க்கலாமா? இதில் கிடைக்கும் சான்றிதழால் பிற்காலத்தில் பயன் உண்டா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பத்து வயது வரை குருளையர் என்ற பிரிவு உண்டு, சிறுமியருக்கு நீலப்பறவையர். கதையும் விளையாட்டும் சிறு கைவேலையுமாக அது நடக்கும். பத்து வயதுக்குப் பிறகு சாரணர் பிரிவில் படிப்படியாகத் தேறி, ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருது வரை செல்லலாம். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதும் உண்மை. ஆனாலும் சான்றிதழை மனத்தில் வைத்து எட்டு வயதுப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். விருதுக்காக வந்த பிள்ளைகள் தேர்வு முடிந்த மறுவாரமே குழுவை விட்டு நிற்பதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்கு முதல் முகாம். மூன்று இரவுகள் வெளியில் தங்க வேண்டும். பயமாக இருக்கிறது. எதையெல்லாம் கொடுத்தனுப்புவது?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: பயப்படுவது இயல்பு. உடன் செல்லும் ஆசிரியைகள் எத்தனை பேர், கழிப்பறையும் குடிநீரும் எப்படி, அருகில் மருத்துவமனை எங்கே என்பவற்றை முன்கூட்டியே கேளுங்கள். இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை. நல்ல ஆசிரியை இதற்காக வருத்தப்பட மாட்டார். அவள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்து இருந்தால், எழுதிய குறிப்போடு ஆசிரியையிடமே ஒப்படையுங்கள்.

தட்டு, டம்ளர், போர்வை, டார்ச் விளக்கு, மழைக்கு நனையாதபடி பிளாஸ்டிக் பையில் கட்டிய இரண்டு மாற்றுடைகள் போதும். தின்பண்டம் கொடுப்பதானால் அணி முழுவதுக்கும் போதுமான அளவு கொடுங்கள்; இல்லையென்றால் வேண்டாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பையை நீங்கள் அடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவளையே அடுக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் மழை பிடித்தால் இருட்டுக் கூடாரத்துக்குள் கைவிட்டுத் துழாவி அந்த டார்ச்சை எடுக்கப் போகிறவள் அவள்தான்.